திரை விடை சொல்வதற்கு முன்: சிந்தனைத் திறனை வளர்க்கும் டிஜிட்டல் கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும், பயிற்சி நாள்களின் தேநீர் இடைவேளைகளிலும், சில நேரங்களில் பெற்றோர் கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போதும் என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்தவையாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்நாட்டு அரசுப் பள்ளி வகுப்பறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை.

எங்கள் வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. இனி பிள்ளைகளின் சிந்தனைத் திறன் தானாக வளரும்தானே?

வளராது. கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதுவதும், ஒளிரும் திரையில் ஓடுவதைப் பார்த்துக் குறிப்பெடுப்பதும் மாணவரைப் பொறுத்தவரை ஒரே வேலைதான். பலகை மாறியிருக்கிறது; யோசிக்கும் பொறுப்பு இன்னும் ஆசிரியரிடமே இருக்கிறது.

எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் நான் கேட்டுப் பார்க்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: திரை விடையைக் காட்டுவதற்கு முன், ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு விடையை முடிவு செய்து, அதைக் காரணத்தோடு எழுதி வைத்துவிட்டாரா? ஆம் என்றால் சாதாரணக் கைப்பேசியே போதும். இல்லை என்றால் எவ்வளவு விலை உயர்ந்த பலகையாலும் பயனில்லை. பின்வரும் விடைகள் பலவும் இந்தக் கேள்விக்கே திரும்பி வரும்.

சிந்தனைத் திறன், உயர்நிலைச் சிந்தனை என்கிறார்களே, அது வகுப்பறையில் எப்படி இருக்கும்? பி.எட். படித்தபோது ப்ளூம் முக்கோணம் வரைந்ததோடு சரி.

பெஞ்சமின் ப்ளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட, கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு 2001-இல் திருத்தப்பட்டது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்பது நாம் படித்த வரிசை. வினாத்தாள் அமைக்க அது உதவும். ஆனால் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது மாணவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று பார்க்க அது அவ்வளவாக உதவுவதில்லை.

வகுப்பில் கண்ணால் காணக்கூடிய செயல்களையே நான் சிந்தனை என்று எடுத்துக்கொள்கிறேன். மாணவர் ஊகிக்கிறார், காரணம் சொல்கிறார், கண்ட சான்றோடு தம் ஊகத்தை ஒப்பிட்டுத் திருத்துகிறார், தாம் சொன்னது பொய்க்கும் இடம் இருக்கிறதா என்று தாமே தேடுகிறார். இவற்றுள் கடைசியாகச் சொன்னதுதான் மிக அரிது. டிஜிட்டல் கருவிகள் உண்மையிலேயே பெரிய உதவி செய்வதும் அதற்குத்தான், ஏனெனில் காகிதத்தில் ஒரு படம் வரையும் நேரத்தில் திரையில் நூறு படங்களைச் சோதித்துவிடலாம்.

நான் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் இருந்தும் கல்வித் தொலைக்காட்சியில் இருந்தும் காணொளி போட்டுக் காட்டுகிறேன். பிள்ளைகள் அமைதியாகக் கவனிக்கிறார்கள். அது போதாதா?

விளக்கம் கேட்பதற்குக் காணொளி நல்ல வழி. ஆனால் தடையில்லாமல் ஓடும் நல்ல விளக்கம், புரிந்துவிட்டது என்ற உணர்வையும் சேர்த்தே தந்துவிடுகிறது. அந்த உணர்வு சரியா என்பது மாணவரிடம் வேலை வாங்கும்போதுதான் தெரியும்.

அதே காணொளியை முக்கியமான இடத்தில் நிறுத்துங்கள். சோதனைக் குழாயில் அமிலத்தை ஊற்றப் போகும் கணத்திலோ, கணக்கின் இரண்டாம் படி தோன்றுவதற்கு முன்போ நிறுத்தி, அடுத்து என்ன வரும், ஏன் வரும் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு காணொளியில் இப்படி இரண்டு இடங்கள் போதும். அடிக்கடி நிறுத்தினால் விளக்கத்தின் தொடர்ச்சி அறுந்துவிடும்.

பேச்சாகச் சொல்லாமல், ஒரு பாடவேளை முழுவதும் எப்படி நடத்துவது என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலை எடுத்துக்கொள்வோம். கருவி, அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்ற, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் இலவச உருவகத் தொகுப்பில் உள்ள மின்சுற்று அமைக்கும் பகுதி. மின்கலம், கம்பி, விளக்கு, அம்மீட்டர் ஆகியவற்றை இழுத்து வைத்துத் திரையிலேயே சுற்று அமைக்கலாம். ஆனால் தொடக்கத்தில் புரொஜெக்டர் அணைந்தே இருக்கட்டும். கரும்பலகையில் ஒரு மின்கலத்தையும், தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளையும் வரையுங்கள். எந்த விளக்கு கூடுதலாக ஒளிரும், அல்லது இரண்டும் சமமாக ஒளிருமா என்று கேட்டு, விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு அழிக்கக்கூடாது.

"முதல் விளக்கு கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கும், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்" என்று எழுதும் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். தொடர் இணைப்பில் மின்னோட்டம் மாறாது என்று முந்தைய நாள் தேர்வில் சரியாக எழுதியவர்களும் அவர்களில் இருப்பார்கள். மனப்பாடத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையிலான இந்த இடைவெளியை அந்த ஒரு வரிக் காரணம்தான் வெளியே கொண்டுவருகிறது. இப்போது திரையைப் போடுங்கள். மின்கலம் 9 வோல்ட், விளக்குகள் ஒவ்வொன்றும் 10 ஓம் என்று வைத்தால், முதல் விளக்குக்கு முன்னும், இரண்டு விளக்குகளுக்கு இடையிலும், இரண்டாவதற்குப் பின்னும் அம்மீட்டர் 0.45 ஆம்பியர் என்றே காட்டும். விளக்குகள் சமமாகவே ஒளிரும்.

பல வகுப்புகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. உண்மையான பாடம் அடுத்த கேள்வியில்தான் தொடங்குகிறது: மின்னோட்டம் கொஞ்சமும் குறையவில்லை என்றால், விளக்கு எதைச் செலவழித்து ஒளிர்கிறது? அவர்கள் பேசட்டும், வோல்ட்மீட்டரைக் கேட்டு வாங்கட்டும். ஒவ்வொரு விளக்கின் குறுக்கேயும் 4.5 வோல்ட் என்று தெரியும்போது, மின்னழுத்த வேறுபாடு என்பது வரையறையாக மட்டும் இல்லாமல் தேவைப்பட்ட ஒரு கருத்தாக வந்து சேர்கிறது. பிறகு அதே விளக்குகளைப் பக்க இணைப்பில் வைத்தால் மொத்த மின்னோட்டம் எவ்வளவு என்று மறுபடியும் முதலில் எழுதச் சொல்லுங்கள். விடை 1.8 ஆம்பியர். இந்த 'ஊகி, கவனி, விளக்கிச் சொல்' முறையைப் பரவலாக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் என்ற இரு கல்வியாளர்கள்.

திரையிலேயே எல்லாம் சரியாக வருகிறது. இனி ஆய்வகத்தில் கம்பியும் பல்பும் வைத்துச் செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். கடையில் ஒரே பெட்டியில் இருந்து வாங்கிய இரண்டு டார்ச் பல்புகளைத் தொடராக இணைத்தால், அவை மேலே சொன்னதுபோல் மிகச் சரியாகச் சமமாக ஒளிரும் என்று சொல்ல முடியாது. சூடேறும்போது இழையின் மின்தடை கூடுகிறது. பழைய மின்கலத்தில் அக மின்தடை இருக்கிறது. கம்பி முனையில் துரு இருக்கிறது. திரையில் உள்ளது யாரோ சிலவற்றைச் சேர்த்தும் சிலவற்றை விட்டும் அமைத்த ஒரு மாதிரி.

"இந்த மாதிரியில் எதையெல்லாம் விட்டுவிட்டார்கள்?" என்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்கக்கூடிய மிகச் சிறந்த கேள்விகளில் ஒன்று. அதே உருவகத்தில் மின்கலத்தின் அக மின்தடையைக் கூட்டவும் வசதி இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்து, மேசை மேல் மங்கலாக எரியும் பல்புக்கு அது விளக்கம் ஆகுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும். அணு, மூலக்கூறு போன்று கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும், ஆபத்தானவற்றுக்கும், பல ஆண்டுகள் பிடிக்கும் மாற்றங்களுக்கும் திரை. கையால் தொட முடிந்தவற்றுக்குக் கை. வசதி இருந்தால் ஒரே நாளில் இரண்டும்.

ஜியோஜீப்ராவில் ஒரு புள்ளியை இழுத்துக் காட்டினால் தேற்றம் நிரூபணமாகிவிட்டது என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். இது கணிதச் சிந்தனையைக் கெடுக்காதா?

உங்கள் அச்சம் நியாயமானது. கணித ஆசிரியர் ஒருவர் பட வேண்டிய கவலைதான் இது. ஜியோஜீப்ரா, மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய இலவச மென்பொருள். நம் கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று வருவன பெரும்பாலும் இதில் செய்யப்பட்டவைதான். ஆயத்தமாக உள்ள கோப்பைத் திறந்து இழுத்துக் காட்டுவதைவிட, வெற்றுத் திரையில் மாணவரையே வரையச் சொல்வது மேல்.

ஏதாவது ஒரு நாற்கரத்தை வரைந்து, நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கச் சொல்லுங்கள். உள்ளே என்ன வடிவம் வரும் என்று முதலில் எழுத வேண்டும். "நாற்கரம் சதுரமாக இருந்தால் சதுரம், இல்லாவிட்டால் எதுவும் வராது" என்பது நான் அடிக்கடி கேட்கும் ஊகம். இழுத்துப் பார்த்தால் எப்போதும் இணைகரம். ஒரு முனையை உள்பக்கமாகத் தள்ளி நாற்கரத்தைக் குழிவாக்கினாலும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டும்படி முறுக்கினாலும் இணைகரமே வருகிறது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் வரிஞோனின் பெயரால் அறியப்படும் தேற்றம் இது. இழுத்துப் பார்த்ததால் 'எப்போதும் இப்படித்தான்' என்ற வியப்பு மட்டுமே கிடைத்திருக்கிறது. அந்த வியப்பு சூடாக இருக்கும்போதே 'ஏன்' என்று கேட்டு, ஒரு மூலைவிட்டத்தை மட்டும் வரையச் சொன்னால், இரண்டு முக்கோணங்களும் அவற்றின் நடுப்புள்ளிகளும் கண்ணில் படும். முக்கோணத்தின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்கு இணை என்னும் நடுப்புள்ளித் தேற்றத்தை வகுப்பே தேடி எடுத்துவிடும்.

கண்ணால் கண்டது போதாது என்பதை அறிவுரையாகச் சொல்லாமல் அனுபவமாகத் தர இன்னொரு பயிற்சி இருக்கிறது. வட்டத்தின் மேல் 2 புள்ளிகளை வைத்து இணைத்தால் வட்டம் 2 பகுதிகளாகும். 3 புள்ளிகளை ஒன்றோடொன்று எல்லா வழியிலும் இணைத்தால் 4. 4 என்றால் 8. 5 என்றால் 16. 6 புள்ளிகளுக்கு எவ்வளவு என்று கேட்டால் வகுப்பே 32 என்று சொல்லும். வரைந்து, மூன்று நாண்கள் ஒரே புள்ளியில் சந்திக்காதபடி நகர்த்தி, பொறுமையாக எண்ணினால் 31 மட்டுமே வரும். சிலர் ஒன்றை எண்ணாமல் விட்டுவிட்டோம் என்று மறுபடியும் மறுபடியும் எண்ணுவார்கள். எண்ணட்டும், அந்த நேரம் வீணல்ல. நிரூபணம் எதற்கு என்ற கேள்விக்கு அதன்பின் நீங்கள் விடை சொல்லத் தேவையிருக்காது.

ஒரே ஒரு புரொஜெக்டர், நாற்பத்தைந்து பிள்ளைகள். அவர்கள் கையில் எந்தக் கருவியும் இல்லை. இதில் எப்படி எல்லாரையும் யோசிக்க வைப்பது?

ஒரு திரையை வைத்துக்கொண்டு எல்லாரையும் யோசிக்க வைக்கலாம். எல்லாருடைய விடையும் வெளிப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கை தூக்குபவர்களை மட்டும் கேட்டால் ஐந்து பேர் யோசிப்பார்கள், மற்றவர்கள் அவர்களுக்காகக் காத்திருப்பார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மாசூர் 1991 முதல் பின்பற்றிவரும் முறை நம் வகுப்புகளுக்கும் நன்றாகப் பொருந்துகிறது. ஒரு கருத்துக் கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுப்பது. பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதிடுவது. மீண்டும் விடை சொல்வது. முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னால் வாதம் சூடு பிடிக்கும். அதற்கும் குறைந்தால் பாடத்தை மறுபடி விளக்க வேண்டும். கூடினால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

விடைகளைத் திரட்ட பிளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. ஒவ்வொரு மாணவரிடமும் அச்சிட்ட ஒரு அட்டை இருக்கும். அதைத் தாம் தேர்ந்த விடைக்கேற்பத் திருப்பிப் பிடிப்பார்கள். ஆசிரியர் தம் கைப்பேசிக் கேமராவால் வகுப்பை ஒருமுறை பார்த்தால் யார் எதைச் சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். அதுவும் இல்லை என்றால் சிலேட்டு போதும்.

எங்கள் ஊரில் இணையம் அடிக்கடி நின்றுவிடும். அதனால் திட்டமிட்ட பாடமே கெட்டுப்போகிறது.

இணையத்தை நம்பி எந்தப் பாடத்தையும் திட்டமிட வேண்டாம். ஃபெட் உருவகங்களைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலே உலாவியில் இயங்கும். ஜியோஜீப்ராவையும், இரவு வானத்தைக் காட்டும் ஸ்டெல்லேரியத்தையும் ஹைடெக் லேப் கணினிகளில் நிறுவிவிடலாம். தமிழ் விக்கிப்பீடியாவையே கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாக முழுவதுமாக இறக்கி வைத்துக்கொள்ள முடியும். மின்சாரமும் போய்விட்டால் என்ன என்கிறீர்களா? ஊகங்கள் நோட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. விவாதத்தை நடத்துங்கள், சரிபார்ப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கணக்கு, அறிவியலுக்குத்தான். தமிழ் ஆசிரியருக்கும் சமூக அறிவியல் ஆசிரியருக்கும் இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, என் எண்ணத்தில் அங்கேதான் இன்னும் தொடப்படாத வாய்ப்புகள் அதிகம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் வழியாகச் சங்க இலக்கியங்கள் தேடக்கூடிய மின்னுரைகளாக இலவசமாகக் கிடைக்கின்றன. குறுந்தொகையின் 401 பாடல்களை எடுத்துக்கொண்டு, கடல் என்பது நெய்தல் பாடல்களில் மட்டும்தான் வருகிறதா என்று கேளுங்கள். மாணவர்கள் முதலில் ஊகிப்பார்கள். பிறகு தேடல் பெட்டியில் 'கடல்' என்று இட்டுத் தேடுவார்கள். 'கடற்' என்று புணர்ந்து நிற்கும் இடங்கள் அந்தத் தேடலில் சிக்கவில்லை என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். புணர்ச்சி இலக்கணம் மதிப்பெண்ணுக்கு வெளியே பயன்பட்ட முதல் நாளாக அது சிலருக்கு அமையும். கருப்பொருளை வைத்து மட்டும் திணையைத் தீர்மானித்துவிட முடியுமா என்ற விவாதமும் அங்கிருந்தே தொடங்கும்.

சமூக அறிவியலுக்குக் கூகுள் எர்த் ஒன்றே ஓராண்டுக்குப் போதும். அதன் காலவரிசைப் பகுதியில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்து, ஆண்டுகளை நகர்த்தி, எந்தப் பக்கத்தில் இருந்து கட்டடங்கள் நெருங்கி வந்தன, குப்பைக் கிடங்கு எங்கே இருக்கிறது, மழைநீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குறிக்கச் சொல்லுங்கள். 2015 வெள்ளத்தில் அதன் அருகிலுள்ள வேளச்சேரி ஏன் அவ்வளவு மூழ்கியது என்பதற்கு ஒரு விளக்கத்தையும், அந்த விளக்கத்துக்கு எதிரான ஒரு சான்றையும் கேளுங்கள். அந்தச் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்லலாம். வேறு மாவட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஏரியையோ கண்மாயையோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வந்ததைப் படத்தோடு ஒப்பிடும்போது, இரண்டில் எதை எப்போது நம்புவது என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.

போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?

எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பருவத்தில், பிள்ளைகள் ஆண்டுதோறும் தவறாகப் புரிந்துகொள்ளும் கருத்துகள் எவை என்பது உங்களுக்கே தெரியும். அவற்றில் இரண்டையோ மூன்றையோ மட்டும் தேர்ந்தெடுத்து இப்படி நடத்துங்கள். மின்சுற்றுப் பாடத்துக்குச் சொன்ன முறை ஒரு முழுப் பாடவேளையை எடுக்கும். ஆனால் அந்தத் தவறான கருத்தை ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் திருத்திக்கொண்டிருக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் அல்லவா? மற்றப் பாடங்களுக்கு, பாடத்தின் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஊகத்துக்கு ஒதுக்கினால் போதும்.

கஹூட் மாதிரி வினாடிவினா விளையாட்டுகளைப் பிள்ளைகள் மிகவும் விரும்புகிறார்கள். அதைச் செய்தால் போதுமா?

படித்ததை நினைவுகூர்ந்து பார்ப்பது நினைவை உறுதிப்படுத்தும் என்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. அதற்கு இவை நல்லவை. ஆனால் வேகமாக அழுத்துபவருக்குக் கூடுதல் மதிப்பெண் என்ற விதி, நின்று யோசிக்கும் பிள்ளையைத் தண்டிக்கிறது. வேக மதிப்பெண்ணை நீக்க வழி இருந்தால் நீக்குங்கள், நேரத்தைக் கூட்டுங்கள், விடை வந்ததும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் தவறான விடையைத் தேர்ந்தவர்களின் காரணத்தைக் கேளுங்கள்.

எல்லாம் கூகுளில் கிடைக்கும்போது எதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, சிந்தித்தால் போதும் என்கிறார்களே?

இதை நான் ஏற்கவில்லை. வெறும் தலையால் சிந்திக்க முடியாது. 1973-இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சதுரங்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையைச் சில நொடிகள் பார்த்த வல்லுநரால் அதை அப்படியே திரும்ப அடுக்க முடிந்தது. காய்களைத் தாறுமாறாக வைத்தபோது அவருடைய மேன்மை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவருக்கு இருந்தது பொதுவான மூளைத்திறன் அல்ல, சேர்த்து வைத்த அறிவு.

வாய்ப்பாடு தெரியாத பிள்ளை பின்னக் கணக்கின் நடுவில் வாய்ப்பாட்டிலேயே தேங்கி நிற்கிறது. வரலாற்று ஆண்டுகள் சிலவாவது தெரியாவிட்டால், திரையில் தவறான ஆண்டு வரும்போது உறுத்தாது. தேடுவதற்கே அறிவு வேண்டும்.

பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்புகிறார்கள். சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க ஏதாவது முறை உண்டா?

உண்டு. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 இளங்கலை மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். மாணவர்களும் வரலாற்றாய்வாளர்களில் பலரும் அந்தப் பக்கத்திலேயே இருந்து மேலிருந்து கீழாக வாசித்து, அதன் நேர்த்தியான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார், மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள்.

வகுப்பில் இதைப் பழக ஒரு நல்ல எடுத்துக்காட்டு, உலகின் சிறந்த நாட்டுப்பண்ணாக நம் நாட்டுப்பண்ணை யுனெஸ்கோ அறிவித்தது என்று பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் செய்தி. யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்தமான, நம்ப விரும்பும் செய்தியாக இருப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன்; நமக்குப் பிடிக்காத செய்தியில் உள்ள பொய்யைச் சந்தேகிப்பது எளிது. முதலில், இதை நம்புகிறாயா, எவ்வளவு உறுதியாக நம்புகிறாய் என்று எழுதச் சொல்லுங்கள், அதன்பின் தேடட்டும்.

மெல்லக் கற்கும் மாணவர்கள் இந்த முறையில் பின்தங்கிவிட மாட்டார்களா?

வெறுமனே 'நீயே கண்டுபிடி' என்று கருவியைக் கையில் கொடுத்தால் பின்தங்குவார்கள். அடிப்படை தெரியாதவருக்கு ஒரே நேரத்தில் புதிய கருத்து, புதிய பொத்தான்கள், புதிய கேள்வி மூன்றையும் தந்தால் எதுவும் நிற்காது. ஜான் ஸ்வெல்லர் 1980களில் இருந்து எழுதிவரும் அறிவாற்றல் சுமைக் கோட்பாடு சொல்வது இதைத்தான். அவர்களுக்கு முதலில் தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகள் வேண்டும்; கருவியில் ஒரே ஒரு மதிப்பை மட்டும் மாற்றும்படி வேலை இருக்க வேண்டும்; கருவியை இயக்கப் பழகுவதைப் பாடத்தோடு கலக்காமல் முந்தைய நாளே முடித்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊகம் எழுதும்போது தவறுக்கு மதிப்பெண் குறையாது என்று தெரிந்துவிட்டால், எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகள் எழுதத் தொடங்குகிறார்கள். நாற்கரக் கணக்கில் மிக விசித்திரமான வடிவத்தை இழுத்துச் சோதிப்பவர் பெரும்பாலும் வகுப்பின் முதல் மாணவராக இருப்பதில்லை.

இவ்வளவு செலவு செய்கிறார்கள். கருவிகளால் கற்றல் உயர்ந்தது என்று ஆய்வுகள் உண்மையில் சொல்கின்றனவா?

கருவியைக் கொடுப்பது மட்டும் போதாது என்று தெளிவாகச் சொல்கின்றன. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு மடிக்கணினி வழங்கிய திட்டத்தை மதிப்பிட்டபோது, கணிதத்திலும் மொழியிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. கணினிகளில் பெரிதும் முதலீடு செய்த நாடுகளில் கற்றல் கணிசமாக உயரவில்லை என்று ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் 2015 அறிக்கையும் கூறியது.

மறுபக்கம், டெல்லியில் நடுநிலை வகுப்பு மாணவர்களிடம் செய்யப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவரும் உண்மையில் நிற்கும் நிலைக்கு ஏற்பக் கேள்விகளை மாற்றித் தந்த மென்பொருளை நான்கரை மாதம் பயன்படுத்தியவர்கள் கணிதத்திலும் இந்தியிலும் நன்கு முன்னேறினார்கள். இதைச் சிந்தனைத் திறனுக்கான சான்றாக நீட்டிவிடக் கூடாது. கருவி மாணவரை என்ன செய்ய வைக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

சாட்ஜிபிடி வந்த பிறகு பிள்ளைகள் யோசிப்பதையே விட்டுவிட்டார்கள். தடை செய்துவிடலாமா, இல்லை பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டுமா?

துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. 2025-இல் அதன் முடிவுகள் ஆய்விதழில் வெளியாயின. ஒரு குழுவுக்குச் சாட்ஜிபிடி போன்ற சாதாரண அரட்டைக் கருவி. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த கருவி. மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. பயிற்சியின்போது, கருவி இல்லாத மூன்றாம் குழுவைவிட முதல் குழு 48 விழுக்காடும் இரண்டாம் குழு 127 விழுக்காடும் மேலாகச் செய்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, முதல் குழு, கருவியே இல்லாத குழுவைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றது. இரண்டாம் குழுவில் அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதை முதல் குழுவினர் உணரவும் இல்லை.

முதல் விடையில் சொன்ன அளவுகோல் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. மாணவர் தம் விடையை எழுதுவதற்கு முன் வரும் கருவி சிந்தனையை எடுத்துக்கொண்டுவிடுகிறது. எழுதிய பின் வந்தால் சிந்தனைக்குத் தீனியாகிறது. எனவே வகுப்பில் அதை ஆசிரியரின் கணினியில் மட்டும் பயன்படுத்துங்கள். 13 வயதுக்கு உட்பட்டோருக்குச் சாட்ஜிபிடி சேவை அனுமதிக்கப்படவில்லை, 18 வயது வரை பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று அதன் விதிகளே சொல்கின்றன. மாணவர்கள் ஒரு கட்டுரையையோ நிரூபணத்தையோ முதலில் தாமாக எழுதட்டும். பிறகு அதே கேள்விக்கு இயந்திரம் தரும் விடையைத் திரையில் போட்டு, அதில் பிழை, சான்றில்லாத கூற்று, உள்ளூருக்குப் பொருந்தாத செய்தி ஆகியவற்றைத் தேடச் சொல்லுங்கள். தமிழ் இலக்கியம் பற்றிக் கேட்டால் இல்லாத பாடலைக்கூட இருப்பதாகச் சொல்லிவிடும். மதுரைத் திட்டத்தின் மின்னுரையில் தேடி அதைக் கண்டுபிடிப்பது பத்தாம் வகுப்புக்கு ஏற்ற வேலை.

வீட்டுப்பாடம் பிள்ளை எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறதாமே?

அவற்றை நம்பி எந்தப் பிள்ளையின் மீதும் குற்றம் சுமத்த வேண்டாம். தாமே எழுதியதை இயந்திரம் எழுதியதாக அவை சொன்ன நிகழ்வுகள் பல உண்டு. அப்படி ஒருமுறை பழி சுமந்த பிள்ளை மறுபடி மனம்விட்டு எழுதாது. எழுதி வந்ததில் இருந்து ஒரு வரியைச் சுட்டி, "இதை ஏன் இப்படி எழுதினாய், இதற்கு மாறாக யாராவது சொன்னால் என்ன சொல்வாய்?" என்று இரண்டு நிமிடம் பேசினால் உங்களுக்குத் தேவையானது தெரிந்துவிடும். முதல் வரைவைக் கையால் வகுப்பிலேயே எழுத வைப்பது அதைவிடவும் நல்லது.

சரி, ஓராண்டு இப்படி நடத்துகிறேன். சிந்தனைத் திறன் வளர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேர்வு மதிப்பெண்ணில் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியலாம், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாணவர்கள் அழிக்காமல் வைத்திருக்கும் ஊக நோட்டுத்தான் உங்கள் சான்று. ஜூன் மாதத்து ஊகத்தையும் ஜனவரி மாதத்து ஊகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஊகம் சரியாக இருந்ததா என்று பார்க்காமல், காரணம் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். "எனக்குத் தோன்றுகிறது" என்று இருந்த இடத்தில் "ஏனெனில்" வந்திருக்கிறதா? தாம் சொன்னது எந்த நிலையில் பொய்க்கும் என்று யாராவது கேட்காமலே எழுதியிருக்கிறார்களா?

கருவி இல்லாத ஒரு சோதனையும் வேண்டும். புரொஜெக்டரை அணைத்துவிட்டு, திரையில் பார்த்திராத ஒரு புதிய சுற்றைக் கரும்பலகையில் வரைந்து கேளுங்கள்: மூன்று விளக்குகள், இரண்டு பக்க இணைப்பில், ஒன்று அவற்றோடு தொடராக; பக்க இணைப்பில் உள்ள ஒன்றைக் கழற்றினால் மற்ற இரண்டுக்கும் என்ன ஆகும்? தொடரில் உள்ளது மங்கும், மற்றது பிரகாசமாகும் என்பதைக் காரணத்தோடு எழுதுபவர்களின் எண்ணிக்கையைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு வகுப்போடு ஒப்பிடுங்கள்.